குரலுக்கு ஓய்வு

மார்ச் 3
சித்தி வீடு, மாடி அறை

வாண்டுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் ஏறியதிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பேசக்கூடாது என்று நம் ஊர் டாக்டர் போட்ட உத்தரவை நினைத்து, நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். பிறவியிலேயே பேச்சு வராதவள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இறங்கும்போது என் பையைத் தூக்கிக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டுப் போனார். இருபது வருடமாக வானொலியில் பேசிப் பிழைக்கிறவள் என்று அவரிடம் யார் சொல்வது?

நம் ஊர் டாக்டர் அறுவைக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு போனேன், இங்கே தொண்டை டாக்டர் இன்று பார்த்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, என் குரல்நாண்களைத் திரையில் எனக்கே காட்டினார். இவை போடும் சோற்றைத்தான் இத்தனை காலம் தின்றிருக்கிறேன், முகம் பார்த்தது இன்றுதான். இடது பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். "கிள்ளி எடுத்துடலாம். வெளியில தையலே இருக்காது. காலையில வந்தா சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். "எல்லாருக்கும் அனுப்புறதுதான், பயப்படாதீங்க" என்றும் சொன்னார். கேட்காமலே ஒரு டாக்டர் பயப்படாதே என்றால்தான் எனக்குப் பயம் வருகிறது.

அறுவை ஒன்பதாம் தேதி. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தாள். குழாய் உள்ளே போகும்போது ஆடுகிற பல் விழுந்து தொலைத்தால் வம்பாம். "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டாள். தங்கையைத்தான் கேட்க வேண்டும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். நகப்பூச்சு, வளையல், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மூக்குத்தி வரமாட்டேன் என்கிறது. சித்தி சோப்பும் எண்ணெயுமாகப் போராடிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் இரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கிடையாது. முடிந்த பின் மூச்சுக் காட்டக்கூடாது. ரகசியமாகக் கிசுகிசுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அது சத்தமாகப் பேசுவதைவிடக் கெடுதலாம்.

சித்திக்கு மூட்டு வலி, ரத்த அழுத்தம், எல்லாம் பழையபடிதான். எனக்குப் பேச்சுத்தான் இல்லை, காது இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரியமாட்டேன் என்கிறது. என் முகத்துக்கு நேரே வந்து கத்துகிறார்.

'வீடு திரும்பும் நேரம்' நிகழ்ச்சி உன் கையில் இருக்கிறது. தொடங்கும்போது, "அக்கா விடுப்பில் இருக்கிறார், ஏப்ரலில் வந்துவிடுவார்" என்று ஒரு வரி சொல்லிவிடு, போதும். மேலாளரிடம் உன்னைக் கூட்டிப் போன அன்று தலை நிமிராமல் நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அப்படி மைக் முன்னால் உட்காராதே. அவர் கடிக்கமாட்டார். மைக்கும் கடிக்காது.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

குறட்டை விடுவாய். தயங்காமல் எழுதிக் கொடுத்துவிடு. தண்ணீர் ஏறாத மோட்டார் மாதிரி ஒரு சத்தம், நடுவில் திடீரென்று நின்று நம்மைப் பயமுறுத்தும், பிறகு ஓடும். மயக்க மருந்து டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம்.

முதல் நாள் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வணக்கம் என்ற சொல்லில் 'வ' மட்டும்தான் வந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டாம் நாளிலிருந்து பரவாயில்லை. நீ எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகளைத்தான் பார்த்துப் படிக்கிறேன். அந்த நாற்காலி மட்டும் ஆகவில்லை. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பிப் பார்க்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. பல்லும் இப்போது வலிக்கவில்லை.

நீ அவசரப்பட்டு எதையும் செய்யாதே. மேலாளரும் அதையேதான் சொன்னார். "அக்காவ நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா. இங்க ஒண்ணும் அவசரமில்ல." பார், எவ்வளவு நல்ல மனிதர்.

ஒன்பதாம் தேதி காலையில் நான் வந்து பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். சாயந்திர நிகழ்ச்சி இல்லாவிட்டால் வந்திருப்பேன். மூக்குத்தி கழன்றதா?

வாண்டு


மார்ச் 12

வாண்டுக்கு,

மூக்குத்தி கழன்றது. ஓட்டையைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய மூக்கோ மாதிரி இருக்கிறது.

ஆயிற்று. அந்த அறை ஒரே குளிர். போர்வை மேல் போர்வையாகப் போட்டார்கள். கையில் ஊசியைக் குத்திவிட்டு, "பிடிச்ச இடம் எதையாவது நெனச்சுக்குங்க" என்றாள் அந்தச் சின்ன டாக்டர். நான் நம் ஒலிப்பதிவு அறையை நினைத்தேன். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்து, யாரோ என்னை மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் தவறிப் பதில் சொல்லிவிடப் போகிறேன் என்று ஒரு நர்ஸ் என் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றாள்.

பாத்திரம் தேய்க்கிற நாரை விழுங்கியது போல் இருக்கிறது தொண்டை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மற்றதெல்லாம். நாக்கில் பாதி மரத்துப் போயிருக்கிறது, காப்பி துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கிறது. மேலுதடு வீங்கியிருக்கிறது. கழுத்தைப் பின்னால் வளைத்து வைத்ததில் தோள்பட்டை இரண்டும் விண்விண் என்கின்றன. வயிறு மூன்று நாளாக வேலைநிறுத்தம். இருமக்கூடாது, கனைக்கக்கூடாது. தொண்டையைக் கனைக்காமல் இருப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று நீ தொலைபேசியில் பேசியது சுகமாக இருந்தது. ரிசீவரில் நகத்தால் ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை என்று நீ கண்டுபிடித்த ஏற்பாட்டைச் சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நிகழ்ச்சியைக் கேட்டேன். சித்தியின் பழைய பெட்டியில் கொஞ்சம் இரைச்சல்தான், ஆனால் நீ தெளிவாக இருந்தாய். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறாய், அதை மட்டும் கவனி. மழை பற்றிச் சொன்னபோது சிரித்தாயே, அந்த இடம் நன்றாக இருந்தது. நான் அப்படிச் சிரித்திருக்கமாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் விடுப்பில் இருக்கிறேன் என்கிற வரியை நீ சொல்லவில்லை. ஏதோ மறதி என்று மறுநாளும் காத்திருந்தேன். மறுநாளும் இல்லை.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

மறக்கவில்லை. மேலாளர்தான் வேண்டாம் என்றார். "நோய் நொடியெல்லாம் நேயர்களுக்கு எதுக்கும்மா. வேலை முடிஞ்சு அலுத்துப் போய் வர்றவங்க" என்றார். நான் வாதாடவில்லை. புதிதாக வந்தவள் வாதாட முடியுமா?

பரிசோதனை முடிவு எப்போது வரும்? கொப்புளம்தானே, ஒன்றும் இருக்காது. ஆனாலும் வந்த உடனே சித்தியை விட்டுச் சொல்லச் சொல். அதுவரை எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. வெந்நீர் நிறையக் குடி. தலையணையை உயரமாக வைத்துப் படு, இல்லாவிட்டால் வயிற்றுப் புளிப்பு மேலே வந்து புண்ணை எரிக்குமாம். இங்கே மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

இன்னொன்று, அக்கா. நீ நிகழ்ச்சியைக் கேட்காதே. ஓய்வு என்றால் காதுக்கும் ஓய்வுதான். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு வாய் குழறுகிறது.

வாண்டு


மார்ச் 20

வாண்டுக்கு,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கெடுதலாக எதுவும் இல்லை. நேற்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு நிம்மதியாக அழுதுவிட வேண்டும் என்று வைத்திருந்த அழுகை, அதற்கு அரை மணி நேரம் முன்பே வேறொன்றுக்குச் செலவாகிவிட்டது.

காத்திருக்கும் கூடத்தில் நம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காதில் எந்நேரமும் விசில் சத்தமாம், அதற்காக இதே டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச முடியாதவளிடம் ஜனங்கள் எவ்வளவு பேசுகிறார்கள் தெரியுமா. நடுவில் நிறுத்த ஆளில்லை, அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

"தங்கச்சி நல்லா பண்றாங்க மேடம். ஏப்ரல்ல இருந்து நிரந்தரம்னு ஆர்டர் வந்ததுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம். வெளியாளு வராம வீட்டுக்குள்ளேயே இருக்கே" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"குரல் தேர்வு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஜனவரிக் கடைசின்னு நினைக்கிறேன். பாவம், பல்வலி போல, ஒரு கையால கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டே படிச்சாங்க. அப்பவும் ஒரு தப்பு இல்ல. உங்களுக்கு விட்டுக்கொடுக்கிற மனசு இருக்கே, அதுதான் பெரிசு."

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றார்.

அந்தப் பல்வலி நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல் டாக்டரிடம் போய் வந்தேன், ஊசி போட்டும் அடங்கவில்லை என்றாய். பஞ்சைக் கிராம்பு எண்ணெயில் நனைத்து உன் கடைவாயில் வைத்துவிட்டு, நீ தூங்குகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தொண்டை அன்று கட்டிக்கொண்டிருந்தது. "நீ பேசாதக்கா, ரெஸ்ட் எடு" என்று நீதான் சொன்னாய்.

அதையாவது விடலாம். பிப்ரவரியில் நானே உன் கையைப் பிடித்து மேலாளர் அறைக்குக் கூட்டிப் போனேன். என் தங்கை சார், நான் வருகிற வரைக்கும் இவள் பார்த்துக்கொள்வாள் என்று கரகரத்த குரலில் கெஞ்சினேன். அவர் உன்னைப் பார்த்து, "உக்காரும்மா. இதுக்கு முன்னாடி மைக்ல பேசியிருக்கியா?" என்று கேட்டார். "துணிக்கடை விளம்பரம் ரெண்டு பண்ணியிருக்கேன் சார்" என்றாய். இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பது போல. நடுவில் நான் ஒரு முட்டாள், இருவரையும் அறிமுகம் செய்துவைத்துக்கொண்டு. நீ நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கூச்சம் என்று நினைத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு என் துணிகளை நீதான் இஸ்திரி போட்டு மடித்து வைத்தாய். முன்பக்கம் பொத்தான் வைத்ததாகப் பார்த்து எடுத்தாய், தலை வழியாகப் போட்டுக் கழற்றினால் தொண்டை வலிக்கும் என்று. அதை நினைத்தால்தான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா


மார்ச் 23

அக்கா,

நான் சொல்வதை முழுதும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஜனவரியில் மேலாளர் படிக்கிற கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். நான்தான் சட்டம் எடுத்துக் காட்டினேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு, உன் தங்கையா என்று கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க அக்கா குரல் உடைஞ்சுக்கிட்டே வருது. நேயர்கள் போன் பண்ணிக் கேக்குறாங்க. ஆபரேஷன் பண்ணாலும் பழைய குரல் வருமான்னு யாருக்குத் தெரியும்? ஏப்ரல்ல ஆளை மாத்தறதுன்னு மேலிடத்துல முடிவாயிடுச்சு. நீ வர்றியா, இல்ல நான் வெளியில தேடட்டுமா?"

உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ ஏற்கெனவே இரண்டு முறை அறுவையைத் தள்ளிப்போட்டவள். நிகழ்ச்சிக்கு ஆளில்லை, விழாக்காலம், சளி பிடித்திருக்கிறது என்று உனக்குக் காரணத்துக்கா பஞ்சம். வேலை போகப் போகிறது என்று தெரிந்திருந்தால் நீ அந்த மேஜையில் போய்ப் படுத்திருப்பாயா? ஓய்வெடுக்காமல் கத்திக் கத்தி நிரூபித்திருப்பாய். அந்தக் கொப்புளம் என்ன என்றே அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கு உன் வேலையைவிட உன் உயிர் பெரிதாகத் தெரிந்தது.

இதுவரை எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டுவிட்டேன். பிறகு எடுத்துப் பிரித்தேன். மேலே எழுதியதில் பொய் இல்லை. ஆனால் நீ படித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாய்.

அவர் கேட்டபோது உன் ஞாபகமே எனக்கு வரவில்லை, அக்கா. வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். உன் உயிர், அறுவை என்கிற காரணமெல்லாம் வாசற்படி ஏறும்போது கிடைத்தவை.

எனக்கு அது வேண்டியிருந்தது. எங்கே போனாலும் "அவங்க தங்கச்சியா, அதே குரல்" என்பார்கள். அதே குரலை வைத்துக்கொண்டு நான் கண்ணாடிச் சட்டம் துடைத்துக்கொண்டிருந்தேன். கடையில் விடுப்புச் சொல்லவில்லை. பிப்ரவரியிலேயே விலகிவிட்டேன்.

திட்டு. ஆனால் ஏதாவது எழுது.

வாண்டு


மார்ச் 28

அக்கா,

நேற்று பேசினேனே. சித்தி ரிசீவரை உன் காதில் வைத்தது தெரிந்தது. உன் மூச்சு கேட்டது. மன்னிப்பாயா என்று கேட்டேன். ஒரு தட்டுக்குத்தான் காத்திருந்தேன், பிறகு இரண்டு தட்டினாலும் போதும் என்று நினைத்தேன். கடைசியில் சித்திதான், "அவ எந்திரிச்சுப் போயிட்டாடி. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

நான் விலகிவிடுகிறேன். நீ சரியென்று சொன்னால் நாளைக்கே மேலாளரிடம் சொல்லிவிடுவேன்.

வாண்டு


மார்ச் 31

வாண்டுக்கு,

நீ சரியென்று சொன்னால் என்கிறாய். இதற்கு என்னைக் கேட்கிறாய்.

விலகாதே. நீ விலகினால் அந்த நாற்காலிக்கு யாரோ ஒருவர் வருவார், எனக்கு அது திரும்பி வரப்போவதில்லை. அதற்கு மேல், எனக்காக நீ விட்டுக்கொடுத்தாய் என்று ஒரு பாரத்தையும் நான் சுமக்க வேண்டும். அதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அறுவையைத் தள்ளிப்போட்டிருப்பேன் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். தள்ளிப்போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருப்பேன். அது என் தொண்டை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சின்னப் பெண் எல்லாவற்றையும் எனக்கு எடுத்துச் சொன்னாள். என்ன செய்யப் போகிறோம், எது தவறிப்போகலாம், பல் உடையலாம், குரல் மாறலாம் என்று ஒவ்வொன்றாக. புரிந்ததா என்று கேட்டாள். புரிந்தது என்று நான் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினாள். முன்பின் தெரியாதவள், என் தொண்டையில் கத்தி வைக்கப் போகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். அவளுக்கு இருந்த மரியாதை.

உன் இரண்டாம் பாதியை உண்மை என்று நம்புகிறேன். முதல் பாதியை மட்டும் அனுப்பியிருந்தால் எளிதாக மன்னித்திருப்பேனோ என்னவோ.

நேற்று முதல்தடவை பேசச் சொன்னார் டாக்டர். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். கீழே எங்கோ கிணற்றிலிருந்து வருகிறது. கரகரப்பு இல்லை, ஆனால் என்னுடையது இல்லை. "இப்படியே நின்னுடலாம், இன்னும் கொஞ்சம் ஏறலாம். பாப்போம்" என்றார். தினமும் ஒரு கோப்பைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, 'ஊ' என்று ஊதிக் குமிழி எழுப்ப வேண்டும். அதுதான் பயிற்சி. சித்தி பார்த்துச் சிரித்துச் சிரித்து, அவருக்கு மூச்சு வாங்கி, அவரைப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். இந்த மாதத்தில் முதல்முறையாக.

தொலைபேசியில் கூப்பிடாதே.

அக்கா


ஏப்ரல் 8
நம் வீடு, சமையலறை மேஜை

வாண்டுக்கு,

நீ வீட்டில் இல்லாமல் இருப்பாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த நேரம் ஒன்றுதான். அதனால் இந்த நேரத்தைப் பார்த்து வந்தேன்.

என் துணிகளையும், கம்பளியையும், ஆவி பிடிக்கிற பாத்திரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பாத்திரத்தை அடுப்பு மேடைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாயே, அதற்குள் ஈரம் இருந்தது. தினமும் ஆவி பிடிக்கிறாய் போலிருக்கிறது. உனக்கு வேறு வாங்கிக்கொள். அகன்ற வாயாகப் பார்த்து வாங்கு, முகத்தில் சுடாது. மற்றதெல்லாம் இருக்கட்டும்.

சித்தி ஊரில், அவர் தெருவிலேயே ஒரு அறை பார்த்திருக்கிறேன். என்ன வேலை என்று இன்னும் தெரியவில்லை. டாக்டர் இன்னும் இரண்டு மாதம் அதிகம் பேசவேண்டாம் என்கிறார். பேசாத வேலையாகத்தான் தேட வேண்டும். நான் அப்படி ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

சாவி வாங்கக் கீழ்வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நான் குரல் கொடுத்ததும், "யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் வந்தார். மாடி வீட்டுக்காரிதான், சாவி வேண்டும் என்றேன். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி வானொலியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க இங்க நிக்கிறீங்க. அப்போ இது ரெக்கார்டு பண்ணதா? நான் நேரடியாப் பேசறீங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

"அது நான் இல்லங்க. என் தங்கச்சி" என்றேன்.

"அப்படியா. இத்தனை நாளா நீங்கதான்னு நெனச்சேன். நல்லாப் பேசுதே" என்றார். ஆமாம் என்றேன். தொண்டை சரியில்லையா, சளியா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். உள்ளே வந்து முழுதாகக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்று மேலே வந்துவிட்டேன்.

அவர் ஒலியைக் கூட்டிவிட்டார் போலிருக்கிறது. ஜன்னலைச் சாத்தியும் இங்கே கேட்கிறது. கடைசிச் சொல்லை இப்போது நீ விழுங்குவதில்லை. நன்றாகச் செய்கிறாய். கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் இந்தப் பெட்டியைக் கட்டுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்னும் ஒரு பாட்டும் வானிலையும் பாக்கி இருக்கிறது. நீ வருவதற்குள் நான் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும்.

அக்கா